காக்கும் தொழிலின் அறம்

உயிரில்லாத ஒரு பொருளைப் பேணுவது அறமா, வெறும் வசதியா என்ற கேள்வி சமயத்திலும் தத்துவத்திலும் நெடுங்காலமாக இருந்து வருகிறது. கோயில் கோபுரம், ஏரிக்கரை, பழஞ்சுவடி என்று பெரியவற்றை வைத்துக் கேட்டால் விடை உடனே கிடைத்துவிடும். அவற்றைக் காக்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. புனிதமோ பழமையோ பொதுநலமோ அங்கே நமக்காக விடை சொல்லிவிடுகிறது. எந்தப் பெருமையும் இல்லாத பொருளை எடுத்துக்கொண்டால்தான் கேள்வி கூர்மை பெறும். ஏறும்போது பாதியில் முனகி, இறுகி, நின்று நின்று ஏறும் கார்க் கண்ணாடி அப்படிப்பட்டது. அதற்குத் தலபுராணம் கிடையாது. அதைச் சரிசெய்தவரை யாரும் பாராட்டப் போவதும் இல்லை. அதைப் பேணுவதில் அறம் ஏதாவது இருக்குமானால் எல்லாப் பராமரிப்பிலும் அது இருந்தாக வேண்டும்.

கண்ணாடி எப்படி ஏறி இறங்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கதவின் உட்புறத்தில் டோர் பேடைக் கழற்றினால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதற்குப் பின்னால் 12 வோல்ட்டில் ஓடும் சிறு மோட்டார் ஒன்று உண்டு. அது ரெகுலேட்டர் எனப்படும் அமைப்பை இயக்குகிறது. சில கார்களில் அது கத்தரிக்கோல் போல விரிந்து மடங்கும் இரும்புக் கைகளாக இருக்கும். இன்றைய கார்கள் பலவற்றில் உருளையில் சுற்றும் கம்பிவடமாக இருக்கும். கண்ணாடியின் அடிப்பகுதியைப் பிளாஸ்டிக் கிளிப்புகள் பிடித்திருக்கின்றன. இரு ஓரங்களும் சேனல் ரப்பர் எனப்படும் பள்ளத்துக்குள் நழுவுகின்றன. அந்தப் பள்ளத்தின் உட்சுவரில் வெல்வெட் துணியின் மேற்பரப்பு மாதிரி மெல்லிய தூவி படிந்திருக்கும். கண்ணாடி ஓசையில்லாமல் வழுக்கிப் போவது அந்தத் தூவியால்தான்.

மழைநீர் கதவுக்குள் இறங்குவதைப் பலர் பழுது என்று நினைக்கிறார்கள். கதவின் வடிவமைப்பே அப்படித்தான். கண்ணாடியின் வெளிப்புற பீடிங் பெரும்பகுதி நீரைத் தடுக்கும். மீறி இறங்கும் நீர் கதவின் அடியிலுள்ள சிறு துளைகள் வழியாக வடிந்துவிடும். பிளாஸ்டிக் தாள் இருப்பது அந்த ஈரம் காரின் உட்புறத்துக்கு வராமல் தடுப்பதற்காக. துளைகள் மண்ணால் அடைபட்டால் நீர் தேங்கி, இரும்பு துருப்பிடித்து, ரெகுலேட்டரின் கிரீஸும் கெட்டுப்போகும்.

இறுக்கம் ஒரே நாளில் வருவதில்லை. சாலையின் தூசி கண்ணாடியில் படிகிறது. கண்ணாடி இறங்கும்போது அந்தத் தூசியும் கூடவே பள்ளத்துக்குள் போகிறது. தூவி அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மழை பெய்தால் அது குழம்பாகிறது, வெயில் அடித்தால் காய்ந்து கெட்டியாகிறது. அதே வெயில் ஆண்டுக்கணக்கில் ரப்பரை மெல்ல மெல்ல விறைக்க வைக்கிறது. உராய்வு கூடக் கூட மோட்டார் அதிக மின்சாரத்தை இழுக்கிறது, சூடாகிறது. ஒரு கட்டத்தில் அதன் உள்ளே இருக்கும் வெப்பக் காப்பு மின்சாரத்தைத் துண்டிக்கிறது. ஓட்டுநர் மீண்டும் மீண்டும் சுவிட்சை அழுத்துகிறார். பக்கவாட்டு அழுத்தம் தாங்காமல் கடைசியில் ஒரு பிளாஸ்டிக் கிளிப் முறிகிறது. அன்றுதான் கண்ணாடி ‘திடீரென்று’ கெட்டுப்போனதாகத் தோன்றும்.

இந்த வரிசையில் தத்துவ நோக்கில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இறுக்கம் தொடங்கும் கட்டத்தில் கண்ணாடியில் குறை இல்லை, மோட்டாரில் குறை இல்லை, ரப்பர்கூடப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். குறை இவற்றுக்கு இடையில் இருக்கிறது. மிலிந்த பஞ்ஹா என்ற பாலி நூலில், தேரில் வந்த அரசன் மிலிந்தனிடம் நாகசேனர் கேட்கும் கேள்விகள் புகழ்பெற்றவை: அச்சா தேர், சக்கரமா தேர், நுகமா தேர்? ஒன்றும் இல்லை, எல்லாம் சேர்ந்திருக்கும் நிலைக்கு வழங்கும் பெயரே தேர் என்ற இடத்துக்கு அரசனை அவர் கொண்டுவருகிறார். நிலையான ‘தான்’ என்று ஒன்று இல்லை என்பதை உணர்த்தவே அந்த உரையாடல். அதைப் பராமரிப்பு பற்றிய பாடமாகவும் படிக்கலாம். கார் என்பது பாகங்களின் சேர்க்கையே என்றால், காரைப் பேணுவது அந்தச் சேர்க்கையைப் பேணுவதுதான். கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையில், மயிரிழை அளவு இடத்தில் நடக்கும் உறவு அங்கே பேணப்படுகிறது. ரப்பரை மாற்றினாலும் மோட்டாரை மாற்றினாலும் கார் அதே கார்தான். உறவு கெட்டுவிட்டால் பாகங்கள் அனைத்தும் புதியவையாக இருந்தும் பயனில்லை.

பழுதடைந்த பொருளைப் பற்றி 20ஆம் நூற்றாண்டில் ஆழமாக எழுதியவர் ஜெர்மானியத் தத்துவவாதி மார்ட்டின் ஹைடெக்கர். 1927-இல் வெளிவந்த ‘இருத்தலும் காலமும்’ நூலில் அவர் சுத்தியலை எடுத்துக்காட்டுகிறார். வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது தச்சரின் கவனம் சுத்தியலில் இருப்பதில்லை, வேலையில் இருக்கிறது. கருவி கண்ணுக்குப் படாமல் ஒதுங்கிக்கொள்கிறது. அது உடையும்போதோ தொலையும்போதோ குறுக்கே நிற்கும்போதோதான் ஒரு பொருளாக முன்னால் வந்து நிற்கிறது. அப்போது அது மட்டும் தெரிவதில்லை. அது எதற்காக, எதனோடு, யாருக்காக இருந்தது என்ற வலைப்பின்னல் முழுவதும் வெளிச்சத்துக்கு வருகிறது. சுங்கச்சாவடியில் கண்ணாடி இறங்க மறுக்கும் நொடியில் நடப்பதும் இதுவே. பொத்தான், மோட்டார், ரப்பர், ஊர்த்தூசி, பின்னால் ஹாரன் அடிக்கும் வண்டி, தெருமுனை மெக்கானிக் என்று அதுவரை கண்ணில் படாத உலகம் ஒன்று ஒரே கணத்தில் தெரிகிறது.

ஹைடெக்கரின் விளக்கம் உண்மையானது. ஆனால் அதில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. இயங்கும் பொருள் கண்ணுக்குத் தெரியாது, பழுதான பொருளே தெரியும் என்றால், இயங்கிக்கொண்டிருக்கும்போதே பொருளைப் பார்க்கும் ஒருவரை எங்கே வைப்பது? நல்ல ஓட்டுநருக்குக் கண்ணாடி ஏறும் ஓசையில் உள்ள சிறு மாற்றம் காதில் விழும். வலப்பக்கக் கண்ணாடி இடப்பக்கத்தைவிட ஒரு நொடி தாமதமாக ஏறுவதை அவர் கவனித்திருப்பார். பழுது வந்து காட்டிக்கொடுக்கும் முன்பே அவர் பொருளைப் பார்க்கிறார். பராமரிப்பின் சாரம் இந்த முன்னோக்கிய கவனம்தான். பழுதுபார்ப்பதற்குத் திறமை போதும். பராமரிப்பதற்குத் திறமையோடு ஒரு மனநிலையும் வேண்டும்.

திருக்குறளின் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை. கடமையை மறவாதிருத்தல் அதன் பொருள். அளவுக்கு மீறிய சினத்தைவிட, மகிழ்ச்சிக் களிப்பில் வரும் மறதி கொடியது என்று அந்த அதிகாரம் தொடங்குகிறது. வள்ளுவர் அதை ஆட்சிக்குச் சொன்னார் என்றாலும் உளவியல் ஒன்றே. எல்லாம் நன்றாக நடக்கும் நாட்களில்தான் கவனம் நழுவுகிறது. கண்ணாடி ஒழுங்காக ஏறும் மாதங்களில்தான் பள்ளத்தில் மண் சேர்கிறது.

கவனம் மட்டும் போதுமா? போதாது, பொருளின் இயல்பை அறியாத அக்கறை கேட்டில் முடியும். கண்ணாடி இறுகினால் பலர் முதலில் தேடுவது எண்ணெயை. கைக்குக் கிடைத்த தேங்காய் எண்ணெயையோ இன்ஜின் ஆயிலையோ பள்ளத்தில் விடுகிறார்கள். இரண்டு நாள் கண்ணாடி வழுக்கிக்கொண்டு ஏறும். பிறகு எண்ணெய் தூசியை இழுத்துப் பிசினாக்கும். சேனல் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரால் ஆனது. வெயிலையும் மழையையும் நன்றாகத் தாங்கும் அந்த ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதி மென்மையாகிவிடும். உதவ வந்த எண்ணெயே பள்ளத்தைக் குறுக்கிக் கண்ணாடியை இன்னும் இறுக்கும்.

முறையான வழி சுத்தத்தில் தொடங்குகிறது. கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, தட்டையான மெல்லிய குச்சியில் ஈரத்துணியைச் சுற்றி இரு ஓரப் பள்ளங்களையும் மேல்விளிம்பையும் மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைப்பது அவசியம். பல நேரங்களில் இவ்வளவிலேயே பாதி இறுக்கம் போய்விடும். ஈரம் நன்றாகக் காய்ந்த பின், நீண்ட குழாய் பொருத்திய சிலிக்கான் ஸ்பிரேயைப் பள்ளத்துக்குள் மெல்லிதாக அடிக்க வேண்டும். சிலிக்கான் ரப்பரைக் கெடுக்காது. காய்ந்தபின் தூசியை அதிகம் இழுக்காது. கண்ணாடியைச் சில முறை ஏற்றி இறக்கினால் அது சீராகப் பரவும். கண்ணாடியில் படிந்த மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரவில் எதிர்வரும் விளக்கொளி அதில் சிதறிக் கண்ணைக் கூசச் செய்யும். ரெகுலேட்டரின் இரும்புத் தடங்களுக்கும் பற்களுக்கும் வெள்ளை லித்தியம் கிரீஸ் ஏற்றது. பழைய கிரீஸை வழித்தெடுக்காமல் அதன்மேல் புதியதைப் பூசுவது அழுக்கைப் புதைத்து வைப்பதற்குச் சமம்.

சிலிக்கானால் தீராத குறைகளும் உண்டு, அவற்றைப் பிரித்தறிய வேண்டும். சுவிட்சை அழுத்தும்போது காரின் உள்விளக்கு சற்று மங்கினால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது, ஏதோ அதைத் தடுக்கிறது என்று பொருள். விளக்கு மங்காமல், ஓசையும் இல்லாமல் இருந்தால் ஃபியூஸ், சுவிட்ச், கம்பி இணைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கண்ணாடி ஒருபக்கமாகச் சாய்ந்து ஏறினால் கிளிப்போ கம்பிவடமோ போய்விட்டது; ஸ்பிரே அடிப்பது வீண்.

பொருளின் இயல்பறிந்து பேணுவது என்ற இந்த நெறி வழிபாட்டு மரபுக்குப் புதிதல்ல. திருவரங்கத்தில் பள்ளிகொண்ட பெருமாளின் மூலத் திருமேனி சுதையால் ஆனது. ஆகவே மூலவருக்குத் திருமஞ்சனம் செய்வதில்லை, தைலக்காப்பு சாத்துகிறார்கள். நீராட்டு உற்சவருக்கு நடக்கிறது. கல்லுக்கு ஏற்றது சுதைக்கு ஏற்காது என்று அறிந்து நடப்பது அங்கே பக்தியின் குறைவாகக் கருதப்படுவதில்லை. பக்தியின் பகுதியாகவே கருதப்படுகிறது. எல்லையற்றவனாகக் கொண்டாடப்படும் இறைவனின் திருமேனிக்கே அதன் பொருளறிந்து பணிவிடை செய்யும் மரபு, அறியாத அக்கறை அக்கறையாகாது என்று செயலால் சொல்கிறது.

கருவிகளுக்கும் இறைமைக்கும் உள்ள தொடர்பை நேரடியாகக் காட்டும் நாள் ஆயுத பூஜை. நவராத்திரியின் ஒன்பதாம் நாளில் ஏர் முதல் லேத் வரை, தையல் எந்திரம் முதல் லாரி வரை சந்தனமும் குங்குமமும் பெறுகின்றன. கார்களுக்கு மாலை போட்டு, சக்கரங்களின் அடியில் எலுமிச்சை வைத்து நசுக்குகிறார்கள். இந்த விழாவின் ஆழமான பகுதி சந்தனம் இடுவதற்கு முன்னால் நடந்துவிடுகிறது. பட்டறையைக் கூட்டிக் கழுவுவதும், துருவைத் தேய்ப்பதும், எண்ணெய் இடுவதும், ஆண்டு முழுவதும் கண்ணில் படாத கருவியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பதும் பூஜைக்கான ஆயத்தம் என்று சொல்லப்படுகின்றன. அவையே பூஜையின் உயிர்ப்பகுதி என்று கொள்வதே பொருத்தம். வெளிப்புறம் பளபளக்கக் கழுவி மாலையிட்ட காரின் சேனலில் ஓராண்டு மண் அப்படியே இருந்தால், மரியாதை பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

பிற மரபுகளும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குநூலின் 31ஆம் இயலில், மடத்தின் பண்டசாலைப் பொறுப்பாளர் அங்குள்ள பாத்திரங்களையும் உடைமைகளையும் பலிபீடத்தின் திருப்பாத்திரங்களாகக் கருத வேண்டும் என்கிறார். அடுத்த இயல் கருவிகளை அழுக்காகவோ கவனமின்றியோ கையாள்பவரைக் கண்டிக்கச் சொல்கிறது. ஜப்பானிய ஜென் ஆசான் தோகென் 1237-இல் மடத்துச் சமையற்காரருக்கென ஒரு நூல் எழுதினார். அரிசியையும் காயையும் தன் கண்களைப் போலப் பாவிக்கவும், கரண்டியையும் பானையையும் கழுவி அதனதன் இடத்தில் வைக்கவும் அது கற்பிக்கிறது. தமிழ்ச் சைவத்தில் திருநாவுக்கரசரின் திருவுருவம் உழவாரத்தோடுதான் இருக்கும். கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கிய கருவி அது. ஆயிரக்கணக்கான பாடல்களைப் பாடிய அருளாளரை அடையாளம் காட்ட ஏட்டையோ எழுத்தாணியையோ தேர்ந்தெடுக்காமல் புல் செதுக்கும் கருவியை அந்த மரபு தேர்ந்தெடுத்தது. பராமரிப்பு பற்றி ஒரு சமூகம் இதைவிட உயர்வாகச் சொல்லியிருக்க முடியாது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். கோயிலுக்குச் செய்யும் பணி இறைவனுக்குச் செய்யும் பணி; கண்ணாடிக்குச் செய்தால் யாருக்குப் போய்ச் சேரும்? வலியறியாத பொருளுக்கு அநீதி இழைக்க முடியாதே? இம்மானுவேல் கான்ட் 1797-இல் வெளியான தம் ஒழுக்கவியல் நூலில் இதற்கு ஒரு விடை தருகிறார். உயிரற்ற இயற்கையின் அழகைக் காரணமின்றி அழிக்கும் போக்கு, மனிதன் தனக்குத் தானே ஆற்ற வேண்டிய கடமைக்கு எதிரானது என்கிறார் அவர். கடமை பொருளுக்கு அல்ல. பொருளின் வழியாகத் தன் குணத்துக்கு. பயன் கருதாமல் ஒன்றை நேசிக்கும் இயல்பு அப்படி அழிப்பதால் மங்கிவிடும் என்பது அவர் கவலை. கான்ட் படிகங்களையும் செடிகொடிகளையும் மனதில் வைத்து எழுதினார். ஆனால் இறுகிய கண்ணாடியின் சுவிட்சைக் கோபத்தோடு திரும்பத் திரும்பக் குத்தும் விரலுக்கும் அது பொருந்தும்.

கான்ட்டின் விடையோடு நிற்க வேண்டியதில்லை. பொருளின் பின்னால் எப்போதும் மனிதர்கள் இருக்கிறார்கள். தானாக ஏறும் கண்ணாடி ஒரு தடையைச் சந்தித்தால், அழுத்தம் 100 நியூட்டனைத் தாண்டும் முன், அதாவது ஏறக்குறைய 10 கிலோ எடையின் அழுத்தத்துக்குள், பின்வாங்க வேண்டும் என்று ஐ.நா.வின் 21ஆம் வாகன விதியும் அமெரிக்காவின் 118ஆம் பாதுகாப்புத் தரமும் சொல்கின்றன. குழந்தையின் விரலையும் கழுத்தையும் காக்கும் ஏற்பாடு இது. மோட்டார் உணரும் எதிர்ப்பை வைத்தே இது இயங்குகிறது. எனவே பள்ளத்தின் அழுக்கையும் தடையாக எண்ணிக் கண்ணாடி பாதியில் இறங்கிவிடக்கூடும். அதேபோல, வெள்ளத்தில் சிக்கிய காரில் முதலில் செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்று கண்ணாடியை இறக்குவது. நீர் உயர்ந்து மின்சுற்று செயலிழக்கும் முன் கிடைக்கும் சிறு அவகாசத்தில் அது இறங்கியாக வேண்டும். இந்த இடத்தில் ஈரத்துணியும் ஸ்பிரேயும் நேரடியாக உயிர்காக்கும் கடமையாகின்றன.

இன்னொரு எதிர்வாதம் துறவின் பக்கமிருந்து வரும். நிலையில்லாதவற்றைப் பேணுவது பற்றை வளர்க்காதா? பளபளப்பில் தன்னைத் தேடி, அண்டை வீட்டுப் பிள்ளை கைவைத்தால் பதறுகிறவரிடம் இந்தக் குற்றச்சாட்டு நியாயமானது. ஆனால் பராமரிப்பை ஒழுங்காகச் செய்கிறவர் நிலையாமையை எவரையும்விட அருகிலிருந்து பார்ப்பவர். எத்தனை முறை சிலிக்கான் அடித்தாலும் ரப்பர் ஒருநாள் வெடிக்கும் என்று அவருக்குத் தெரியும். ஹன்னா ஆரெண்ட் 1958-இல் வெளிவந்த ‘மனித நிலை’ நூலில், உலகை இயற்கையின் அரிப்பிலிருந்து காக்கும் அன்றாட வேலைகளில் வீரம் என்று சொல்ல ஒன்றுமில்லை, திரும்பத் திரும்பச் செய்யும் பொறுமைதான் வேண்டியிருக்கிறது என்கிறார். கிரேக்கப் புராணத்தில் ஹெர்குலிஸ் ஆஜியஸ் அரசனின் தொழுவத்தைச் சுத்தம் செய்தது வீரச்செயலானதற்குக் காரணம், அது ஒருமுறை செய்ததும் முடிந்துபோனதே. நிஜத் தொழுவங்கள் மறுநாளே அழுக்காகின்றன. முடிவில்லை என்று தெரிந்தும் செய்வது பற்றில் சேராது. பலனைப் பிடித்துவைக்க முடியாத வேலையை முழுக் கவனத்தோடு செய்வதற்குக் கீதை சொல்லும் கர்மயோகம் என்ற பெயரே பொருந்தும்.

எதுவரை பேணுவது, எப்போது விடுவது என்பதிலும் அறிவு வேண்டும். தூவி முழுவதும் தேய்ந்து ரப்பர் பாளம் பாளமாக வெடித்த பிறகு சேனலை மாற்றுவதுதான் சரி. கம்பிவடம் பிரிந்த ரெகுலேட்டரோடு போராடுவது கண்ணாடியையே உடைப்பதில் முடியும். ஜப்பானில் ஹரி குயோ என்றொரு சடங்கு உண்டு. ஆண்டெல்லாம் உழைத்து முறிந்த தையல் ஊசிகளை மென்மையான தோஃபுவில் குத்திவைத்து, நன்றி சொல்லி விடைகொடுக்கிறார்கள். காப்பதன் இறுதிப்படி மரியாதையோடு கைவிடுவது என்பதை அந்தச் சடங்கு புரிந்துவைத்திருக்கிறது.

படைத்தல், காத்தல், அழித்தல் என்று இறைவனின் தொழில்களை எண்ணும் மரபில் காத்தலும் கடவுளின் வேலைதான். இன்றைய சமூகம் படைப்பவரைக் கொண்டாடுகிறது. காப்பவருக்குக் கூலி பேசும்போது கணக்குப் பார்க்கிறது. சாக்கடை அள்ளுபவர், மின்கம்பம் ஏறுபவர், கதவைப் பிரித்து மண்ணைத் துடைக்கும் பட்டறைப் பையன் ஆகியோரின் வேலை, நன்றாக நடந்தால் கண்ணுக்குத் தெரியாத வேலை. தெரியாததாலேயே அதற்கு மதிப்பில்லை என்ற நிலை அநீதியானது, மாற வேண்டியது. அடுத்த ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவுகிறவர்கள் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டுச் சேனலைத் துடைத்து, கதவின் அடித்துளைகளில் அடைப்பை நீக்கிய பிறகு சந்தனம் இடட்டும். அந்த வேலையை வேறொருவர் செய்து தந்தால் அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கட்டும்.